இருபத்து மூன்று பேருக்கு அம்மா

பிரிக்ஃபீல்ட்ஸ்,
18 பிப்ரவரி 2024

அன்புள்ள சீதா அத்தைக்கு,

குமுதா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா இன்னும் கோயில் கமிட்டிச் சண்டையை வீடு வரைக்கும் கொண்டுவருகிறாரா?

ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குப் போய் அஞ்சல்தலை ஒட்டுகிறாளே என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பீர்கள், வீடே கேட்கும். நேரில் வந்தால் அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் உங்கள் சிநேகிதி புனிதா அக்காவின் தையல் கடை விலாசம்.

நான் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். என் ஆய்வு எதைப் பற்றி என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தொண்ணூறுகளில் 'பொது இடத்தில் அநாகரிகமாக நடந்துகொண்டதாக' பிடிக்கப்பட்ட திருநங்கைகளின் வழக்குகளைப் பற்றி. ஐந்து நீதிமன்றங்களின் கோப்புகளைப் பார்க்க அனுமதி வாங்கினேன். ஊர்ப் பெயர்களை எழுதக்கூடாது என்பது ஆய்வு விதி. நீங்கள் கேன்டீன் நடத்திய நீதிமன்றம் அவற்றில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அத்தை, அங்கே ஜாமீன் தாள்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. சீதாலெட்சுமி, தகப்பனார் இராமலிங்கம். 1991 மே மாதத்திலிருந்து 2002 வரை இருபத்து மூன்று முறை. உறவு என்ற இடத்தில் இருபத்து மூன்று முறையும் 'தாய்' என்று இருக்கிறது.

கல்யாணமே செய்துகொள்ளாத என் அத்தைக்கு இருபத்து மூன்று பிள்ளைகளா? கோப்பு அறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் முதல் தாளிலிருந்து திரும்பப் படித்தேன். அது நீங்கள்தானா?

உங்கள் பதிலுக்காகத் தவம் கிடக்கும்,
குமுதா

*

கிள்ளான்,
2 மார்ச் 2024

குமுதாவுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

முழங்கால் மழை வந்தால் சொல்கிறது, வெயில் வந்தாலும் சொல்கிறது. உன் அப்பன் லோகன் கமிட்டிக்குச் செயலாளர் ஆகிவிட்டான். இனி வீட்டிலும் தீர்மானம் போட்டுத்தான் சோறு போடவேண்டும்.

நாட்டில் எத்தனையோ சீதாலெட்சுமிகள் இருப்பார்கள். எத்தனையோ இராமலிங்கங்கள் பிள்ளை பெற்றிருப்பார்கள். உனக்குப் படிக்க வேறு விஷயம் கிடைக்கவில்லையா? தேர்தல் பற்றிப் படி.

புனிதா உன் கடிதத்தைத் துணிப் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். எனக்கு யாரோ காதல் கடிதம் எழுதுவதாக நினைக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அத்தை

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
9 மார்ச் 2024

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிடுகிறேன். வீட்டுக்குக் கீழே வாழை இலைக் கடை இருக்கும்போது பட்டினி கிடக்க முடியுமா? நீங்கள் நலம்தானே?

அது நீங்கள்தான். கையெழுத்தில் 'லெ'வுக்கு நீங்கள் போடும் சுழி வேறு யாருக்கும் வராது. இதற்கு நிபுணர் தேவையில்லை. பத்து வருடம் என் ரிப்போர்ட் கார்டில் அப்பாவுக்குத் தெரியாமல் அந்தச் சுழியை வாங்கியவள் நான்.

அத்தை, நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? மற்ற நான்கு நீதிமன்றங்களிலும் பிடிபட்ட ஒவ்வொருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செய்ததால் இல்லை. மறுத்தால் விசாரணை நாள் வரை ஜாமீனுக்கு ஓர் ஆள் வேண்டும். வீட்டில் துரத்திவிட்டவர்களுக்கு யார் வருவார்கள்? ஆள் இல்லாவிட்டால் உள்ளே கிடக்கவேண்டும். அதனால் 'ஆமாம்' என்று தலையாட்டி, தண்டனையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் நீதிமன்றத்தில் மட்டும் இருபத்து மூன்று பேர் 'நான் குற்றவாளி இல்லை' என்று நிமிர்ந்து சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு வழக்குகள் நிற்கவில்லை.

உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று எட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அது கீழே கேன்டீனில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறது! எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது? இதை எழுத எனக்கு உங்கள் சம்மதம் வேண்டும். பெயரை மாற்றி எழுதலாம். ஆனால் கேன்டீன் என்று வந்தாலே வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் வேண்டாம் என்றால் அந்த அத்தியாயமே இல்லை. நவம்பர் கடைசிக்குள் நான் ஒப்படைக்கவேண்டும்.

வியப்பு அடங்காத,
குமுதா

*

கிள்ளான்,
6 ஏப்ரல் 2024

அன்பு குமுதா,

இங்கே எல்லாரும் சுகம். நீ இளைத்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். போட்டோவில் எனக்கு அப்படித் தெரியவில்லை.

சரி, நான்தான். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். இத்தனை வருடம் கழித்துப் பிடித்துக்கொண்டு போவார்களா? உன் கூட வேலை பார்க்கும் வக்கீல் யாரிடமாவது பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்.

எப்படி என்று கேட்டாய். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மேல்மாடிக் கோர்ட்டில் எழுத்து வேலை பார்த்த கிராணி வாசு படிக்கட்டில் நின்று, "அக்கா, மேல வாங்க. உங்க பிள்ளை கேஸ் கூப்பிடறாங்க" என்று கத்தினான். எனக்கு ஏது பிள்ளை? ஆள் மாறிக் கூப்பிடுகிறான், போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று தட்டும் கையுமாக ஏறினேன். கூண்டுக்குள் ஒரு பிள்ளை நின்றது. சேலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்து "அம்மா" என்றது. மாஜிஸ்திரேட் தலையைத் தூக்காமல், "தாயா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று வந்துவிட்டது.

அப்புறம் வாசு அதையே வழக்கமாக்கிவிட்டான். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கூப்பிடுவான். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். இதில் மலைக்க என்ன இருக்கிறது? கையெழுத்துத்தானே.

நான் உன் அப்பன் வீட்டில் இருக்கிறேன், அதை மறந்துவிடாதே. நாங்கள் மூன்று பேர் பிறந்தோம். சிங்கப்பூர் போன சுகுமாறன் போனதோடு சரி. மிச்சமிருப்பது லோகன் ஒருவன்தான். அவனோடும் முறுக்கிக்கொண்டு இந்த வயதில் எங்கே போவேன்? எழுதாதே.

அத்தை

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு எப்படி? இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதாக அம்மா சொன்னார். முழுதாகச் சாப்பிடுங்கள்.

சட்டம் நடத்தும் சக ஆசிரியரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். முப்பது வருடத்துக்கு முந்தைய ஜாமீன் தாளைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. முடித்துவிட்டு, "யாருங்க அந்தம்மா? நான் கும்பிடணும்" என்றார்.

நீங்கள் எழுதாதே என்றால் எழுதமாட்டேன். ஆனால் வகுப்பில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயர், ஊர் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு, வயதையும் உறவையும் மட்டும் விட்டு ஆறு தாள்களைக் கொடுத்தேன். துறைத்தலைவர் "பார்த்து லா" என்று மட்டும் சொல்லியிருந்தார். ஜெரால்டின் என்று ஒரு பெண், கணக்கில் புலி. "மிஸ், அம்மாவுக்கு முப்பத்து நாலு, பிள்ளைக்கு இருபத்தேழு. ஏழு வயசுல பெத்தாங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது. இரண்டாவது தாளில் ஆறு வயது வித்தியாசம். நான்காவது தாளில் பிள்ளைக்கு அம்மாவைவிட ஒரு வயது அதிகம். சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருவராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். "எல்லாம் ஒரே ஆளா, மிஸ்?" என்று ஜெரால்டின் கேட்டாள். ஆமாம் என்றேன்.

வகுப்பு நேரம் முடிந்தும் பத்து நிமிடம் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு மாணவர், வருடம் முழுக்க ஒரு கேள்வி கேட்டதில்லை, என் மேசைக்கு வந்து அந்தத் தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

உங்களை நினைத்தபடி,
குமுதா

*

கிள்ளான்,
12 மே 2024

அன்பு குமுதா,

மாத்திரையை முழுதாகச் சாப்பிடுகிறேன். உன் அம்மாவை உளவு பார்ப்பதை நிறுத்தச் சொல்.

அந்தப் பையனிடம் தாளைக் கொடுத்தது நல்லது. அவன் சாப்பிட்டானா தூங்கினானா என்று எப்போதாவது கேள்.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். என்னை இத்தனை பேர் நினைத்தார்கள் என்பது கூச்சமாகத்தான் இருக்கிறது. சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அது இருபத்து நான்காவது பொய். பெயரை மாற்றி எழுதுவதென்றால் எழுதிக்கொள். கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 91 மே மாதத்திலிருந்து எழுது. அதற்கு முன்னால் போகாதே. அங்கே ஒன்றும் இல்லை.

அத்தை

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
26 மே 2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருக்கவேண்டும். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

ஆய்வு செய்கிறவளிடம் 'அதற்கு முன்னால் போகாதே' என்று சொல்லலாமா, அத்தை? போனேன்.

1991 மார்ச்சில் ஒரு கோப்பு இருக்கிறது. குற்றம் மறுக்கப்பட்டிருக்கிறது. ஜாமீனுக்கு ஆள் இல்லை. பதினேழு நாள் உள்ளே. அந்தப் பெயரை விதிப்படி நான் எழுதக்கூடாது. தகப்பனார் பெயர் இராமலிங்கம். விலாசம், நீங்கள் மூன்று பேரும் அப்போது இருந்த ரயில்வே குவாட்டர்ஸ். சித்தப்பா சிங்கப்பூருக்குப் போனதாக எனக்குச் சொல்லப்பட்ட வருடமும் அதே 1991.

உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். கேன்டீன் கீழே, கோர்ட் மேலே. தெரிந்தால் நீங்கள் ஓடியிருக்கமாட்டீர்களா?

அன்புடன்,
குமுதா

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. உங்களுக்கு உடம்பு சரிதானே? போன வாரம் வீட்டுக்கு வந்தபோது என் தட்டில் இரண்டு முறை சோறு வைத்தீர்கள், முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா எதிரில் இருந்தார், நானும் பேசவில்லை.

கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. மன்னித்துவிடுங்கள். அந்தக் கோப்பை மூடி வைத்துவிட்டேன். ஆய்வு போனால் போகட்டும், நீங்கள் எனக்கு எழுதுங்கள்.

குமுதா

*

கிள்ளான்,
2 செப்டம்பர் 2024

குமுதா,

நான் சுகம். சுகமாக இருப்பதே வெட்கமாக இருக்கிறது.

எனக்குத் தெரியும். அன்று வாசு கீழே இறங்கி வந்தான். கத்தவில்லை. அடுப்புப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, மேல ஒருத்தர் இருக்காங்க. கீழ எங்க அக்கா கேன்டீன்ல இருக்காங்க, கூப்பிடுங்கன்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டா இப்பவே விட்டுருவாங்க." என்னைச் சுற்றிப் போலீஸ்காரர்கள், வக்கீல்கள், ஏழெட்டு வருடமாக என் கையால் சாப்பிட்டவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். "எனக்கு ஒரு தம்பிதான். அவன் ஜே.கே.ஆர்.ல ரோட்டு வேலை லோரி ஓட்டறான்" என்று சொன்னேன். வாசு மேலே போய்விட்டான். நான் தேத்தண்ணீர் ஆற்றினேன்.

அம்மா செத்தபோது அதற்கு நாலு வயது. நான் குளிப்பாட்டி, தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பிய பிள்ளை. சிங்கப்பூர் கதையைக் கட்டியவன் லோகன் இல்லை. நான்தான். லோகன் இன்று வரைக்கும் அதை நம்பிக்கொண்டிருக்கிறான்.

மே மாதம் வாசு 'உங்க பிள்ளை' என்று கத்தியபோது, ஆள் மாறிவிட்டது என்று நினைக்கவில்லை, என்னைக் குத்திக்காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் ஏறினேன். ஊரான் பிள்ளைக்கெல்லாம் பொய்யாக அம்மாவாக இருக்கமுடிந்தவளுக்கு, கூடப்பிறந்ததுக்கு நிஜமாக அக்காவாக ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை. இதை எழுது. மலைப்பு, வியப்பு என்றெல்லாம் எழுதாதே.

இப்போது பெயர் மலர். பந்திங்கில் பூச்செடி வைத்து விற்கிறாளாம். பன்னிரண்டு வருடமாக விலாசம் என்னிடம் இருக்கிறது.

சீதாலெட்சுமி

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
10 செப்டம்பர் 2024

என் அன்பு அத்தைக்கு,

நான் நலம். இன்றைக்கு உங்கள் நலத்தைக் கேட்கப்போவதில்லை, தெரிகிறது.

நான் உங்கள்மேல் கோபமாக இல்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது.

இனி ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த முதல் கோப்பு இல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுதினால் அது பொய்யாகிவிடும். அதை எழுத மலரின் சம்மதம் வேண்டும். கோப்பில் பார்த்த ஒருவரை நானாகத் தேடிப் போகக் கூடாது. கேட்க முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான். 'வேண்டாம், மூடு' என்று நீங்கள் எழுதினால் மூடிவிடுவேன். சத்தியம். சம்மதத் தாள் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று உங்களுக்கு.

குமுதா

*

கிள்ளான்,
20 அக்டோபர் 2024

அன்பு குமுதாவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை மெய்யாகவே.

வியாழக்கிழமை பந்திங் பஸ் ஏறினேன். புனிதாவோடு துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் புதிதா? வழி நெடுக, கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். சாத்தட்டும், அதுவும் நியாயம்தான் என்று முடிவு செய்தேன்.

அவள் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. அம்மாவின் முகம், குமுதா, அப்படியே அம்மாவின் முகம். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள். "கால் வலியோட பஸ்லயா வந்தே?" என்றாள். முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது. என் கால் வலி அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை.

உட்காரவைத்துப் பால் ஊற்றாத தே-ஓ கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வாசு வந்தது, நான் சொன்னது, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். "தெரியும்க்கா. வாசு அண்ணன் மேல வந்து, 'அவங்க பிஸியா இருக்காங்க'ன்னு சொன்னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். மூஞ்சிலயே தெரிஞ்சிருச்சு" என்றாள்.

அதற்குப் பரிகாரமாகத்தான் மற்றவர்களுக்குப் போட்டேன் என்று சொன்னேன். நீ கணக்கெடுத்தது இருபத்து மூன்று என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையோடு சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் சிரித்தாள்.

"அவங்கள யாரு உன்கிட்ட அனுப்புனது?"

"யாரும் அனுப்பல. வாசுதான் என்னைக் குத்திக்காட்டக் கூப்பிட்டான்."

"வாசு அண்ணன் ஒண்ணும் குத்திக்காட்டக் கூப்பிடல. அந்தப் பிள்ளைங்க சொன்னதத்தான் கத்துனாரு. உள்ள இருந்த பதினேழு நாளும் கூட இருந்தவங்ககிட்ட சொன்னேன். வெளிய வந்தும் பார்க்கிறவங்ககிட்டல்லாம் சொன்னேன். அந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனா ஒத்துக்காதீங்க. கீழ கேன்டீன்ல எங்கம்மா இருக்காங்கன்னு சொல்லுங்க. வருவாங்கன்னு."

உனக்கே வராதவள் அவர்களுக்கு வருவாள் என்று எப்படி நம்பினாய் என்று கேட்டேன்.

"ஒரு தடவ இல்லன்னு சொல்லிட்டே. ரெண்டாந்தடவ சொல்ல உனக்கு மனசு வராது. உன் கையால வளந்தவளுக்கு அது தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, என் தம்ளரை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்தவர்கள் நேராக அவளிடம்தான் போயிருக்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன், என்ன சேலை கட்டியிருந்தேன், இளைத்தேனா, நொண்டுகிறேனா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். பதினொரு வருடம் அப்படித்தான் என்னைப் பார்த்திருக்கிறாள். கேன்டீனை மூடிய பிறகும் அவர்களில் யாராவது காய்கறிப் பாசாரில் என்னைப் பார்த்தால் போய்ச் சொல்வார்களாம்.

நீ மலைத்தாயே, இப்போது நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். ஏதோ நான் கொடுத்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கைவிட்டவள்மேல் அத்தனை நம்பிக்கை வைத்து, இருபத்து மூன்று பிள்ளைகளை அனுப்பி, என்னை மனுஷியாக்கியவள் அவள். நீ ஆராய்ச்சி செய்யவேண்டியது என்னை இல்லை.

இரண்டு தாளிலும் கையெழுத்து இருக்கிறது. பெயர் எதையும் மாற்றவேண்டாம் என்று அவளும் சொல்லிவிட்டாள், நானும் சொல்லிவிட்டேன். உங்கள் விதி இடம் கொடுக்காவிட்டால் விதியோடு சண்டை போடு. அதற்குத்தானே உன்னைப் படிக்கவைத்தோம்.

லோகன் இப்போது கோயிலில் இருக்கிறான். வந்ததும் சொல்லப்போகிறேன். கத்துவான், தட்டைத் தள்ளுவான். சிங்கப்பூர் என்று நான் சொன்னதை நம்பி, வருடா வருடம் தைப்பூசத்துக்கு அவளுடைய பழைய பெயரில் அர்ச்சனை செய்கிறவன் அவன். கத்த அவனுக்கு உரிமை உண்டு. நீ உடனே கிளம்பி வராதே. இன்றைக்கு ஒரு நாள் நான் அவனுக்கும் அவளுக்கும் அக்காவாக மட்டும் இருந்து பார்க்கிறேன்.

அத்தை